ஒன்றரைக் கட்டையில் ஒரு கனத்த இசை



நம் மலரில் கர்நாடக சங்கீதம், திரையிசை, நாட்டுப்பாடல் பற்றியெல்லாம் பலமுறை படித்திருக்கிறீர்கள். இந்த முறை ஒரு மாறுதலுக்கு, நம் வீட்டுப் பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும் இசை ஒன்றைப் பற்றிப் பார்ப்போம். அதன் பெயர் ‘டூம் மெட்டல்’. டூம் என்றால் கேடு, ஊழ் என்று பொருள் சொல்லலாம். பெயரே இப்படி இருந்தால் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். மிக்ஸிக்குள் கல் விழுந்த மாதிரி இருக்கிறதே, இதற்கா ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம் என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் நம்மில் குறைவு.

ஆனால் இந்த இசை பிறந்த கதையைக் கேட்டால் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன குடும்பங்களின் பிள்ளைகள், தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவே தங்களுக்கென்று ஒரு குரலைத் தேடியபோது உண்டான இசை இது. காக்கநாட்டிலும் மட்டாஞ்சேரியிலும் குடித்தனம் செய்யும் நமக்கு அந்தத் தேடல் புதிதா என்ன?

இத்தாலிக்காரர் மகனும் அயர்லாந்துக்காரர் மகனும்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆஸ்டன் என்று ஒரு பகுதி. இரும்புப் பட்டறைகளும் உதிரிப்பாக ஆலைகளும் நிறைந்த தொழிலாளர் குடியிருப்பு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் மேட்டில்தான் அங்கே பிள்ளைகள் விளையாடி வளர்ந்தார்கள். அந்த ஆஸ்டனைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1968-ல் ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ‘பிளாக் சாபத்’ என்று உலகப் புகழ் பெற்றது. டூம் மெட்டலின் தாய்வீடு அதுவே.

கிடார் வாசித்தவர் டோனி ஐயோமி. அவருடைய தாய் இத்தாலியின் பலெர்மோ நகரில் பிறந்தவர். தகப்பனார் வழியும் இத்தாலிதான். ஆஸ்டனில் சின்னதாக ஒரு கடை வைத்து, அதன் மாடியில் குடியிருந்த குடும்பம். பேஸ் கிடார் வாசித்தவர் கீஸர் பட்லர். இவருடைய பெற்றோர் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். பாடியவர் ஆஸி ஆஸ்போர்ன். தகப்பனார் இரவு ஷிப்டில் கருவிகள் செய்யும் தொழிலாளி, தாயும் ஆலைத் தொழிலாளி. ஆஸியும் இறைச்சிக்கூடம், கார் ஹாரன் செய்யும் ஆலை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். டிரம்ஸ் வாசித்தவர் பில் வார்ட். இரவு படுக்கையில் இருக்கும்போது பக்கத்து ஆலைகளின் சம்மட்டிச் சத்தம் கேட்கும், அதற்கு இசைவாக விரலால் தாளம் போடுவேன் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஐயோமி பதினேழு வயதில் தகரம் வெட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். ஓர் இசைக்குழுவோடு வெளிநாடு போக வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுவிட முடிவு செய்தார். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி நான் திரும்பிப் போகவில்லை என்று தாயிடம் சொன்னார். ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பி வைத்தார். எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான். அன்று பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவர் வராததால் பழக்கமில்லாத ஐயோமியை அதில் நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயிற்று.

ஐயோமி இடது கைப் பழக்கம் உள்ளவர். கிடாரின் தந்தியை அழுத்த வேண்டிய கை வலது கைதான். ஆக, வாசிப்பு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் அவரைப் பார்க்க வந்து ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞரின் இசைத்தட்டு. 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் மீதி விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் முதல்தர ஜாஸ் கிடார் கலைஞர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

ஐயோமிக்குத் தைரியம் வந்தது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்கு உறை மாதிரி செய்தார். சூடான கம்பியால் அதைக் குடைந்து, தேய்த்து, பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டை மேலே ஒட்டினார். அதை மாட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கப் பழகினார். கனமான தந்தியை அழுத்தினால் வலித்தது. மெல்லிய தந்திகளைப் போட்டுப் பார்த்தார். பிறகு தந்தியின் இறுக்கத்தையே தளர்த்தினார். சுருதி இறங்கியது. விரலுக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்த அந்தக் காரியம் ஓர் இசை வகையின் அடையாளமாகிப் போனது.

மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு

நம் வழக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி வழக்கமாக மூன்று கட்டை சுருதியில் இருக்கும். 1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ என்ற தொகுப்பில் ஐயோமி அதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். விநாடிக்கு ஏறக்குறைய 82 அதிர்வுகள் இருந்த இடத்தில் 69 அதிர்வுகள். கேட்கிறவருக்கு அந்த நாதம் காதில் விழுவதோடு நெஞ்சிலும் வயிற்றிலும் அதிரும். கோயிலில் பெரிய மணி அடித்து ஓய்ந்த பின்னும் தூணில் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரியுமே, அந்த மாதிரி.

சுருதி தாழ்ந்ததோடு காலப்பிரமாணமும் இறங்கியது. மற்ற ராக் இசையெல்லாம் துரித காலத்தில் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் விளம்ப காலத்தில் நிதானமாக நடந்தார்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கிடாரின் கார்வை நின்று ஒலிக்கும். அதனால்தான் டூம் இசை கேட்கிறவர்கள் ஆடுவதில்லை. தலையை மெதுவாக அசைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தக் குழுவின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. கையில் பணமில்லை, ஏறக்குறைய முழுவதையும் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். மழைச் சத்தம், தூரத்தில் ஒரு மணியோசை, அதன் பிறகு மூன்றே சுரங்கள். ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். அந்த மூன்றாவது சுரத்தை ஐயோமி நடுக்கி நிறுத்துகிறார். கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

இதில் நமக்கு வேடிக்கையான விஷயம் ஒன்று இருக்கிறது. ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள அந்த இடைவெளியை ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் ‘இசையில் உள்ள பிசாசு’ என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். நமக்கோ 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, அதாவது 36 மேளங்கள், பிரதி மத்யமத்தைக் கொண்டவை. கல்யாணியைக் கேட்டு யாராவது பயந்ததுண்டா? ஆனாலும் நம்மவர்களும் முழுக்கப் பயப்படாதவர்கள் இல்லை. வராளி ராகத்தை குரு நேரடியாகச் சிஷ்யனுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இருவருக்கும் பிரிவு வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அந்த வராளியும் பிரதி மத்யம ராகம்தான்! ஒரே சுரம் ஓர் ஊரில் பிசாசு, இன்னோர் ஊரில் பக்தி. பழக்கமில்லாத காது எதையும் முதலில் சந்தேகத்தோடுதான் கேட்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அன்றைய பத்திரிகை விமர்சகர்கள் இந்தக் குழுவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மக்கள் தொகுப்பை வாங்கினார்கள். அதே 1970-ல் வந்த ‘பாரனாய்டு’ தொகுப்பு பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. போரை நடத்துகிறவர்கள் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்க, ஏழை வீட்டுப் பிள்ளைகள் களத்தில் சாவதைப் பற்றிய பாட்டு அதில் உண்டு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

பெயர் வைத்தவர்கள்

‘டூம்’ என்ற பெயர் இவர்களுக்கு அன்று கிடையாது. பிளாக் சாபத் காட்டிய மெதுவான, கனத்த வழியில் அமெரிக்காவில் பென்டகிராம், டிரபிள், செயின்ட் வைட்டஸ் முதலிய குழுக்கள் நடந்தன. 1986-ல் சுவீடன் நாட்டின் கேண்டில்மாஸ் குழு தன் முதல் தொகுப்புக்கு ‘எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்’ என்று லத்தீன் மாதிரி ஒலிக்கும் பெயரை வைத்தது. அதன் பிறகு அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. 1990 வாக்கில் வடக்கு இங்கிலாந்தின் பழைய நூற்பாலை ஊர்களில் இன்னொரு தலைமுறை எழுந்தது. ஹாலிஃபாக்ஸில் பாரடைஸ் லாஸ்ட், பிராட்ஃபோர்டில் மை டையிங் பிரைட். பின்னது வயலினையும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் குழுக்களை ‘அண்டர்கிரவுண்ட்’ என்பார்கள். தலைமறைவு என்று பயந்துவிட வேண்டாம். பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல், சொந்தக் காசில் நூறோ ஐந்நூறோ பிரதிகள் போட்டு, சின்னக் கூடங்களில் வாசித்து, வாசலிலேயே கையால் விற்றுக்கொள்கிறவர்கள் என்று அர்த்தம். நம் சிறுபத்திரிகைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம், இவர்கள் கையில் கிடார்.

நம் நாட்டிலும் டூம் வந்து சேர்ந்தது. பெங்களூரில் பேவர் சீ என்ற குழு 2012-ல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அதே ஊரில் ஜின் அண்ட் மிஸ்கடானிக் என்ற குழு 2013-ல் ஒன்று வெளியிட்டது. மும்பையில் டார்மன்ட் இன்ஃபெர்னோ. பெங்களூர், மும்பை இரண்டுமே வெளியூர்க்காரர்கள் பிழைக்க வந்து நிறைந்த ஊர்கள் என்பதைக் கவனித்தீர்களா?

சண்முகம் ரோட்டில் கேட்ட பாட்டு

இனி நம் ஊருக்கு வருவோம். எர்ணாகுளம் மரைன் டிரைவை ஒட்டிப் போகும் சாலைக்கு சண்முகம் ரோடு என்று பெயர். தினமும் அந்த வழியாகப் போகிறோம். எந்தச் சண்முகம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? கொச்சி சமஸ்தானத்தின் திவானாக 1935 முதல் 1941 வரை இருந்த கோயம்புத்தூர்க்காரர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர், ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான் அவர். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டும் என்று 1940-களில் கிளம்பிய தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றவரும் அவரே. தெலுங்குக் கீர்த்தனையும் சம்ஸ்கிருதக் கீர்த்தனையும் இருக்கட்டும், என் மொழியில் பாட்டு எங்கே என்பதுதான் அந்த இயக்கத்தின் கேள்வி.

அந்தச் சாலையில் இருந்த சீலார்ட் ஓட்டலில், 1970-களின் இறுதியில் தொடங்கிய ‘13 ஏடி’ என்ற கொச்சிக் குழு பல வருடங்கள் வாசித்தது. ஈலாய் ஐசக்ஸின் கிடாரைக் கேட்க வெளியூர்களிலிருந்தெல்லாம் இளைஞர்கள் வருவார்கள். ஓட்டலில் வாசிக்கிறவர்கள் சாப்பிட வருகிறவர் கேட்கும் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். மேல்நாட்டுக் குழுக்களின் பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் எத்தனை நாளைக்கு இன்னொருவர் பாட்டையே வாசிப்பது? 1990-ல் ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற சொந்தத் தொகுப்பைக் காஸெட்டாகக் கொண்டுவந்தார்கள். நாடெங்கும் கல்லூரி விடுதிகளில் அது சுற்றியது. பாட்டு சொந்தம், மொழி இன்னும் ஆங்கிலம்.

1996-ல் கொச்சியில் ‘மதர்ஜேன்’ குழு தொடங்கியது. பாடியவர் சூரஜ் மணி, கிடார் பைஜு தர்மஜன், பேஸ் கிளைட் ரொசாரியோ, டிரம்ஸ் ஜான் தாமஸ் என்று அமைந்த காலம்தான் அதன் பொற்காலம். இவர்களுடையது டூம் வகை இல்லை. இன்னும் வேகமும் சிக்கலும் உள்ள ராக் இசை. ஆனாலும் ஐயோமியைப் போலவே கிடாரின் குணத்தையே மாற்றியது இவர்களின் பெருமை.

கிடாரில் மெட்டுகள் உண்டு. ஹார்மோனியக் கட்டைகளைப் போல ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கும். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகும் கமகம் அதில் எளிதாக வராது. வீணையிலும்தான் மெட்டு இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டுவருவோம். பைஜு தர்மஜன் அதைத்தான் மின்சாரக் கிடாரில் செய்தார். தந்தியை இழுத்தும், விரலை வழுக்கியும், ராக பாவம் தெரியும்படி அவர் வாசிக்க, பின்னால் ராக் டிரம்ஸ் முழங்கும். 2008-ல் வந்த ‘மக்தூப்’ என்ற தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்கக் குழு ஒன்றும் இப்படி வாசித்திருக்க முடியாது. நம் பக்கத்துக் காது உள்ளவர்தான் வாசிக்க முடியும். அதே 2008-ல் பெங்களூரில் அமெரிக்காவின் மெகாடெத் குழு வந்து வாசித்த விழாவில் மதர்ஜேனும் மேடையேறியது. 2010 வாக்கில் சூரஜ் மணியும் பைஜுவும் பிரிந்து தனி வழி போனார்கள். குழு புதியவர்களோடு தொடர்ந்தது.

பாட்டு மொழியும் மாறியது. திருவனந்தபுரத்தில் உருவான ‘அவியல்’ குழு 2008-ல் தன் தொகுப்பை முழுக்க மலையாளத்தில் கொண்டுவந்தது. பெயரைப் பாருங்கள், சாப்பாட்டு இலையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கண்ணூரின் ‘தி டவுன் ட்ராடன்ஸ்’ குழு மெட்டல் இசையோடு கேரள நாட்டார் இசையைக் கலந்து 2014-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஓட்டலில் இரவல் பாட்டு, பிறகு சொந்தப் பாட்டு, பிறகு சொந்த நாதம், கடைசியில் சொந்த மொழி. மலையாளி இளைஞர்களுக்கு இந்தத் தூரத்தைக் கடக்க முப்பது வருடம் ஆயிற்று.

சிங்கப்பூரில் ஒரு ருத்ர தாண்டவம்

அப்படியென்றால் தமிழ்ப் பிள்ளைகள்? அதுவும் நம்மைப் போல வெளியூரில் வளர்ந்தவர்கள்?

சிங்கப்பூரில் 1992-ல் தமிழ் வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய ‘ருத்ரா’ குழுவைச் சொல்ல வேண்டும். கதிர் என்பவர் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறார். இதுவும் டூம் இல்லை, அதைவிட வேகமான ‘டெத் மெட்டல்’ வகை. ஆனால் பொருள் வேதாந்தம். சம்ஸ்கிருத சுலோகங்கள் கிடாரோடு சேர்ந்து முழங்கும். ‘வேதிக் மெட்டல்’ என்று இவர்கள் தங்கள் இசைக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1998-ல் முதல் தொகுப்பு. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் மூன்று தொகுப்புகள். 2022-ல் பத்து மகாவித்யைகளை நினைவூட்டும் பெயரில் ‘எயிட் மகாவித்யாஸ்’. முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அண்டர்கிரவுண்ட் குழு நிலைப்பது சாதாரணமில்லை. சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளத்தை இந்தக் குழுவை வைத்து ஆராய்ந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2009-ல் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

பெரும்பான்மையினர் வேறு மொழி பேசும் ஊரில் வளர்ந்த பிள்ளைகள், ஆலயத்தில் காதில் விழுந்ததை ஆம்ப்ளிஃபயருக்குள் கொண்டுபோனார்கள். எடுத்த மொழி சம்ஸ்கிருதமும் ஆங்கிலமும். தமிழில் செய்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் கவனிக்கட்டும்.

தமிழுக்கு இந்தச் சத்தம் ஒட்டாது என்பாரும் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு மேடையேறி, கானாப் பாட்டையும் பறையையும் மின்சாரக் கிடாரையும் சேர்த்து வாசித்தது. ஒட்டியதா இல்லையா என்பதைக் கேட்ட கூட்டம் சொல்லும். டூம் இசைக்கோ தமிழில் இன்னும் நெருங்கிய சொந்தம் உண்டு. துக்கத்தை அடக்கிக்கொள்ளாமல், மெதுவாக, நீட்டி, திரும்பத் திரும்பச் சொல்லி ஊரறியக் கொட்டுவதுதான் டூம். ஒப்பாரி வேறென்ன செய்கிறது? பெரிய சாவில் நிதானமாக விழும் பறையடியைக் கேட்டவருக்கு விளம்ப கால டிரம்ஸ் புதிதில்லை.

பெற்றோர் கேட்கும் இரண்டு கேள்விகள்

இந்தப் பாட்டைக் கேட்டால் பிள்ளை கெட்டுப்போவானா? கறுப்புச் சட்டை, மண்டை ஓட்டுப் படம், பேய் பிசாசுப் பேச்சு என்று பார்க்கும்போது பெற்றோர் மனம் பதறுவது இயற்கை. பிளாக் சாபத்துக்கும் அந்தப் பழி உண்டு. ஆனால் அவர்கள் பெயரே ஒரு பழைய பேய்ப்படத்தின் பெயர்தான். அவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் ஆஸியின் தகப்பனார். கருவித் தொழிலாளியல்லவா, தன் கையாலேயே உலோகத்தில் செய்தார். மகனுக்கு ஒலிபெருக்கி வாங்கக் கடன்பட்டவரும் அவரே. அந்தப் பாட்டு அவருக்குப் பிடித்ததா என்பது வேறு விஷயம். மகன் பக்கத்தில் நின்றார்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஒரு சோதனை செய்தார்கள். இந்த மாதிரிக் கடுமையான இசையை விரும்பிக் கேட்கும் 39 பேரைக் கோபப்படுத்திவிட்டு, அவர்களில் ஒரு பகுதியினரைப் பத்து நிமிடம் தாங்கள் விரும்பிய பாட்டைக் கேட்கவிட்டார்கள். கோபம் கூடவில்லை, மனம் தெளிவாகவும் உற்சாகமாகவும் இருந்ததாகவே சொன்னார்கள். முப்பத்தொன்பது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அதற்குப் பாட்டைத் திட்டிப் பயனில்லை. உட்கார வைத்துப் பேச வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இரண்டாவது கேள்வி காதைப் பற்றியது. இதில் பெற்றோர் பயம் முழுக்க நியாயம். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நாலு மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம்தான். கச்சேரிக்குப் போகும் பிள்ளைக்குக் காதில் செருகும் அடைப்பான் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஹெட்போனில் சத்தத்தை அறுபது சதவீதத்துக்கு மேல் வைக்க விடாதீர்கள். போன காது திரும்பி வராது.

இனி என்ன?

பிளாக் சாபத்தின் கதை ஒரு விதத்தில் முடிந்துவிட்டது. 2025 ஜூனில் பர்மிங்ஹாம் மாநகரம் நால்வருக்கும் நகரின் கௌரவக் குடியுரிமை அளித்தது. ஜூலை 5-ம் தேதி, ஆஸ்டனில் அவர்கள் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். வசூல் பார்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ம் தேதி, 76 வயதில் ஆஸி காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஊரே தெருவில் வந்து நின்றது. பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளை அந்த ஊர் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

நம் ஊரான கொச்சிக்கும் அந்த மனசு உண்டு. மட்டாஞ்சேரியில் ஒரு சுற்று நடந்தால் குஜராத்தி, கொங்கணி, கச்சி, தக்காணி, தமிழ் என்று எத்தனை வீட்டு மொழிகள் காதில் விழுகின்றன! யூதர்கள் போன பின்னும் அவர்கள் வீட்டுப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகள் பேசப்படுகின்றன. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்திலிருந்து இங்கே இருப்பவை. காக்கநாட்டில் 2004-ல் இன்ஃபோபார்க் வந்த பிறகு குடியேறிய நாம் நேற்று வந்தவர்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் பாட்டைக் கொண்டுவந்துதான் இந்த ஊரில் கலந்திருக்கிறது.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மலையாளம். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறார்கள். தமிழ் என்பது அம்மா திட்டும் மொழி, டிவியில் படம் பார்க்கும் மொழி என்ற அளவில் நின்றுவிடுமோ என்ற கவலை நம் எல்லோருக்கும் உண்டு. வகுப்பு நடத்துகிறோம், திருக்குறள் போட்டி வைக்கிறோம். பரிசு வாங்கியதும் குறள் மறந்துவிடுகிறது. தானே எழுதிப் பாடிய பாட்டை எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஆகவே ஒரு யோசனை. வருகிற பொங்கல் விழாவில் மெல்லிசை நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணி நேரம் கிடார், டிரம்ஸ் வாசிக்கும் நம் இளைஞர்களுக்குக் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு பாட்டாவது அவர்களே எழுதிய தமிழ்ப் பாட்டாக இருக்க வேண்டும். திரைப்பாட்டு வேண்டாம். காக்கநாட்டு மழையைப் பற்றி எழுதட்டும், பஸ்ஸில் படும் பாட்டைப் பற்றி எழுதட்டும், ஊரில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டைப் பற்றி எழுதட்டும். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியை உட்கார வைத்து அவருக்குத் தெரிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் செல்போனில் பதிந்துகொண்டு வரட்டும். ஒன்றரைக் கட்டையில் வாசிக்க அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது.

சத்தம் தாங்காது என்று நினைக்கும் பெரியவர்களுக்குப் பின்வரிசையில் இடம் போட்டுவிடலாம். காதுக்குப் பஞ்சும் கொடுத்துவிடலாம். ஆனால் எழுந்து போய்விடாமல் கடைசி வரை உட்கார்ந்திருங்கள். நம் மொழியில் பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டாமா?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்தார் செயற்குழு உறுப்பினர்களிடம் பெயர் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளின் பெயரும் வரட்டும்.